ஆறுச்சாமி மால்டாவுக்குப் போன கதை

மட்டாஞ்சேரியில் குழாய்த் தண்ணீர் நின்றுபோனால் எல்லோரும் முதலில் தேடுகிற ஆள் ஆறுச்சாமி. கார்ப்பரேஷன் தண்ணீர் லாரியின் டிரைவர். அரிசி மண்டிகளுக்குப் பின்னால், இரண்டு கைவண்டிகள் எதிரெதிரே வந்தாலே வழி அடைத்துக்கொள்கிற சந்துகள் உண்டு. அந்தச் சந்துகளுக்குள் அவ்வளவு பெரிய லாரியைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போய், சுவரில் ஒரு கீறல் விழாமல் நிறுத்துவார். இறங்கும்போதே பேச்சும் ஆரம்பித்துவிடும். குஜராத்தி வீட்டுப் பெண்களிடம் இரண்டு வார்த்தை குஜராத்தி, கொங்கணிக்காரர்களிடம் இரண்டு வார்த்தை கொங்கணி, மற்றவர்களிடம் மலையாளம். வீட்டில் மட்டும் தமிழ். நகரசபை வேலைக்கென்று பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்து சேர்ந்த குடும்பம் அது. தமிழ் சரளமாகப் பேச வருமே தவிர, படிக்க எழுத அவருக்கு மலையாளம்தான் வரும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதன்மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. அப்பா சீக்கிரமே போய்விட்டார், கீழே தங்கைகள். ஒவ்வொருத்திக்காக மாப்பிள்ளை தேடி முடிப்பதற்குள் தலை நரைத்துவிட்டது. கடைசித் தங்கை காளியம்மையும் அவள் புருஷனும் இருக்கிற வீட்டில் ஒரு அறையில் தங்கிக்கொண்டார். யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால், இனி லாரிக்கு வேண்டுமானால் யாராவது பெண் கொடுப்பார்கள் என்று சிரித்துவிட்டு கியரைப் போட்டுவிடுவார்.

ஷைலஜா, பக்கத்துக் கொச்சங்காடியில் இருக்கிற இன்னொரு தமிழ்க் குடும்பத்துப் பெண். மங்களூரில் நர்சிங் படித்து, சவுதிக்குப் போய், அங்கிருந்து அயர்லாந்துக்குப் போனவள். வெகு காலம் அங்கேயே இருந்து அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டாள். ஐம்பதை நெருங்கும்போது குளிர் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. வெயில் அடிக்கிற இடமாகப் பார்த்து, மத்தியதரைக் கடலின் நடுவே இருக்கிற மால்டா என்ற சின்னத் தீவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை தேடிக்கொண்டாள். அவளும் தனி ஆள்தான். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் விசா பார்க்க வந்தவர்களாகவே இருந்ததால், ஒரு கட்டத்தில் காப்பி டம்ளரோடு வந்து நிற்பதையே விட்டுவிட்டதாக அவளே சொல்வாள்.

அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த வருஷம், நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு கொச்சிக்கு வந்திருந்தாள். மார்ச் மாதம். எங்கேயோ பெரிய குழாய் உடைந்து கொச்சங்காடி முழுக்கத் தண்ணீர் இல்லை. ஆறுச்சாமி லாரியைச் சந்து முனையில் நிறுத்தி, ஹோஸை இழுத்து முதல் வீட்டுக் குடத்தில் விட்டதுதான் தாமதம், வரிசையிலிருந்து ஒரு பெண் வந்து ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டாள். கடைசி வீட்டில் நடக்க முடியாத வயசானவர்கள் இருக்கிறார்கள், முதலில் அங்கே கொடுக்க வேண்டும் என்று மலையாளத்தில் சொன்னாள். சத்தம் போடவில்லை, ஆனால் ஹோஸையும் விடவில்லை.

ஆறுச்சாமி ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடி தனக்குள் முணுமுணுத்தார். "மகாராணி உத்தரவு போட்டாச்சு."

பின்னாலிருந்து பதில் வந்தது. "மகாராணிக்குத் தமிழும் தெரியும்."

மறுநாளிலிருந்து லாரி முதலில் கடைசி வீட்டுக்கு முன்னால்தான் நின்றது. குழாயைச் சரிசெய்ய நாளாயிற்று, ஆறுச்சாமிக்கு அதில் வருத்தம் இல்லை. தண்ணீர் விட்டு முடிந்ததும் ஷைலஜா தன் வீட்டு வாசலில் சாயா கொண்டுவந்து கொடுப்பாள். குழாயில் மறுபடி தண்ணீர் வந்த பிறகும் அவர் அந்தச் சந்துப் பக்கம் போனார், லாரி இல்லாமல், அயர்ன் செய்த சட்டையில். அம்மாவை ஆட்டோவில் ஏற்றி இறக்க ஒரு ஆள் தேவைப்பட்டது என்பது நல்ல சாக்காக இருந்தது. அவள் மால்டாவுக்குத் திரும்பிய பிறகு போனில் பேசிக்கொண்டார்கள். அவள் டூட்டி முடிந்து வந்து சமைப்பதை, தட்டில் போட்டுக்கொண்டு மேசையில் உட்காருவதை எல்லாம் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். காளியம்மைக்குச் சந்தேகம் இருந்தது. அண்ணன் குளித்து முடித்துத் தலைவாரிக்கொண்டு போன் பேச உட்காருகிறாரே என்று புருஷனிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆறுச்சாமி ரிட்டயர் ஆகிற வருஷம் ஷைலஜா விடுப்பில் வந்தாள். ஆபீஸில் மாலை போட்டு, சால்வை போர்த்தி அனுப்பிய அன்று சாயங்காலம் மட்டாஞ்சேரி ஜெட்டியில் இரண்டு பேரும் படகுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். இனிமேல் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். நன்றாகத் தூங்கப் போகிறேன் என்றார் அவர்.

"அதை மால்டாவுல வந்து தூங்கலாமே" என்றாள் ஷைலஜா.

படகு வந்தது, போயிற்று. அவர்கள் ஏறவில்லை.

செய்தியைக் கேட்டதும் காளியம்மை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஐம்பத்தாறு வயசில் அண்ணன் மாப்பிள்ளை வேஷம் போட்டால் ஊர் என்ன சொல்லும் என்று அழுதாள். மறுநாள் காலையில் கதவைத் திறந்துகொண்டு வந்தவள் வேறு ஆளாக இருந்தாள். "அண்ணே, எங்களுக்கெல்லாம் நீங்கதானே முன்ன நின்னு நடத்துனீங்க. இதுக்கு நான் நிக்கறேன்" என்றாள். மாரியம்மன் கோயிலில் கல்யாணம், பூ எங்கே வாங்குவது, பாயசம் எந்தப் பாயசம், எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். தண்ணீர் வாங்கின வீடுகளெல்லாம் வந்து சாப்பிட்டன. கார்ப்பரேஷன் ஆபீஸில் கல்யாணத்தைப் பதிவு செய்தபோது கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்தே அவர் முகத்தைச் சிவக்க வைத்தார்கள். விடுப்பு முடிந்து ஷைலஜா கிளம்பினாள். பின்னாலேயே ஆறுச்சாமி போக வேண்டும். அதற்குத்தான் விசா.

விஷயம் பார்க்கப்போனால் எளிதுதான். ஷைலஜா அயர்லாந்துக் குடிமகள். ஐரோப்பிய ஒன்றியத்து நாடு ஒன்றின் குடிமகள், ஒன்றியத்தின் இன்னொரு நாட்டில் போய் வேலை செய்து வாழ்ந்தால், அவளுடைய புருஷன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் அவளோடு போய் இருக்கலாம். உள்ளே நுழைவதற்கு மட்டும் ஒரு விசா வாங்க வேண்டும். ஷைலஜா இதைப் போனில் பொறுமையாக விளக்கினாள். ஆனால் ஆறுச்சாமிக்கு மனசு கேட்கவில்லை. பஜாரில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் போய் விசாரித்தார். அவர் சுற்றுலா போகிறவர்களுக்கு வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டார். பேங்க் ஸ்டேட்மெண்ட், ஹோட்டல் புக்கிங், வீட்டு வரி ரசீது, பென்ஷன் பேப்பர், இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றையும் சேர்த்துக் காளியம்மை ஒரு பெரிய பையில் அடுக்கினாள். போதாதென்று, வெள்ளம் வந்த வருஷம் இரவு பகலாகக் குடிதண்ணீர் ஓட்டியதற்காக அவருக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரத்தைச் சுவரிலிருந்து கழற்றி, கண்ணாடிச் சட்டத்தோடு கையில் கொடுத்துவிட்டாள்.

எர்ணாகுளத்தில் இருக்கிற விசா மையத்தில் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணின் சட்டையில் தன்யா என்று பெயர் குத்தியிருந்தது. கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பையிலிருந்து வந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து, பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்தாள்.

"இதொண்ணும் வேண்டா சேட்டா. கல்யாணம் ஆனதுக்கு ஒரு ப்ரூஃப், வைஃப் யூரோப்பியன் சிட்டிசன்கிறதுக்கு ஒரு ப்ரூஃப், அவங்களோட இருக்கத்தான் போறீங்கன்னு ஒரு ப்ரூஃப். அத்ர மதி, அவ்வளவு போதும். விசாவுக்கு ஃபீசும் இல்ல."

ஆறுச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஷைலஜா அனுப்பியிருந்த பாஸ்போர்ட் நகல், அவளுடைய மால்டா கார்டு, கணவர் என்னோடு வந்து இருக்கப் போகிறார் என்று அவள் கையெழுத்துப் போட்ட கடிதம், வெளிநாட்டில் செல்லுபடியாக அப்போஸ்டில் முத்திரை குத்திய கல்யாணச் சான்றிதழ், எல்லாம் வரிசையாகக் கண்ணாடித் தடுப்புக்குக் கீழே போயிற்று. தன்யா சான்றிதழையும் அவருடைய பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"சேட்டா, இந்த மேடம் கட்டியிருக்கிறது ஆறுச்சாமியை. பாஸ்போர்ட்ல இருக்கிறது ஆறுமுகன். இந்த ஆறுமுகனுக்கு இன்னும் கல்யாணமே ஆகல்லியே."

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று நடந்த விஷயம் அது. ஆறுச்சாமி என்பது வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயராகத்தான் இருக்கும் என்று நினைத்த டீச்சர், முழுப் பெயராகத் தானே ஆறுமுகன் என்று எழுதிக்கொண்டார். வளைகுடாவுக்கு டிரைவராகப் போகலாம் என்ற யோசனையில் இளவயதில் எடுத்த பாஸ்போர்ட்டில் பள்ளிச் சான்றிதழைப் பார்த்து அதே பெயர் ஏறிவிட்டது. அவர் கடைசிவரை வளைகுடாவுக்குப் போகவில்லை. ஆனாலும் எப்போதாவது உதவும் என்று அந்தப் பாஸ்போர்ட்டையே புதுப்பித்து வைத்திருந்தார். ரேஷன் கார்டு, ஆதார், கார்ப்பரேஷன் வேலை எல்லாவற்றிலும் ஆறுச்சாமி. கல்யாணம் பதிவானதும் அந்தப் பெயரில்தான்.

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீஸிலிருந்து ஒரு சான்றிதழ் வாங்கி வந்தால் கூடவே வைத்து அனுப்பலாம் என்றாள் தன்யா. கேரளத்தில் அதற்கு 'ஒன் அண்ட் சேம்' என்று பெயர். இப்படி வருகிறவர்கள் நிறைய உண்டு, கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னாள்.

போனில் இதைக் கேட்ட ஷைலஜாவுக்குச் சிரிப்பு நிற்கவே நேரமாயிற்று. "அப்ப நான் ஒருத்தரைக் கட்டிட்டு இன்னொருத்தருக்கு விசா கேட்கறேனா?" என்றாள். ஆறுச்சாமியும் கூடச் சிரித்தார். ஆனால் போனை வைத்த பிறகு ஜெட்டிக்குப் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தார். இவ்வளவு காலம் எதுவும் வேண்டாம் என்று இருந்துவிட்டு, இப்போது ஒன்றை வேண்டும் என்று நினைத்ததும் அது கையை விட்டுப் போய்விடுமோ என்று பயம் வந்தது. அவருக்கு அது பழக்கமில்லாத பயம். காளியம்மை தேடிக்கொண்டு வந்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

வில்லேஜ் ஆபீஸில் சாட்சி சொல்ல இரண்டு பேரைக் கூட்டி வரச் சொன்னார்கள். காளியம்மை ஒரு சந்தையே திரட்டிக்கொண்டு வந்தாள். குஜராத்தி வீட்டு அம்மா, கொச்சங்காடி முஸ்லிம் வீட்டு உம்மாக்கள், ஜெட்டி டீக்கடைக்காரர், கடைசி வீட்டுப் பெரியவர் கூட ஆட்டோவில் வந்து இறங்கினார். வில்லேஜ் ஆபீஸர் கண்டிப்பான பெண்மணி. எல்லோரையும் நிறுத்தி வைத்து, இவர் யார் என்று கேட்டார். ஆறுச்சாமி என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்படியென்றால் ஆறுமுகன் யார் என்று கேட்டார். உம்மாக்களில் ஒருத்தி, அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லையே என்று வெகு நேர்மையாகச் சொன்னாள். காளியம்மை தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஆறுச்சாமிக்கு ஒன்றாம் வகுப்பில் வாங்கிய ஒரு கிள்ளு ஞாபகம் வந்தது. ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்று ஆபீஸரிடம் சொல்லிவிட்டு பஜாருக்கு ஓடினார். திரும்பி வரும்போது கூடவே சங்கர்ராம் வந்தார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தவர், பஜாரில் அரிசி மண்டி வைத்திருப்பவர், ஆறுச்சாமியோடு ஒன்றாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர். கணக்கு எழுதிக்கொண்டிருந்தவரை அப்படியே இழுத்து வந்ததில் காதில் சொருகிய பேனா கூட அப்படியே இருந்தது.

சங்கர்ராம் ஆபீஸருக்கு முன்னால் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "இவனைத்தான் ஆறுமுகன்னு ரிஜிஸ்டர்ல எழுதியிருந்தா. டீச்சர் விளிச்சா இவன் மிண்டவே மாட்டான், வாயே திறக்க மாட்டான். தன் பேருன்னு தெரிஞ்சாத்தானே மிண்டறதுக்கு? முதல் மாசம் முழுக்க ஆப்சென்ட். முன் பெஞ்சுல உக்காந்துண்டே ஆப்சென்ட். அப்பறம் நான்தான் பின்னாலேர்ந்து கிள்ளுவேன், இவன் ஐயோம்பான், டீச்சர் பிரசெண்ட் போட்டுடுவா."

ஆபீஸர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்டிப்பெல்லாம் அத்தோடு போய்விட்டது. பள்ளிச் சான்றிதழையும் ஆதாரையும் ஒருமுறை சரிபார்த்து, சங்கர்ராமிடமும் குஜராத்தி வீட்டு அம்மாவிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வந்தவர்கள் எல்லோருக்கும் டீக்கடைக்காரர் சாயா போட்டார். கடைசி வீட்டுப் பெரியவர், ஆறுமுகன் என்ற பெயரும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சமாதானம் சொன்னார்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு காலை நேரம் ஆறுச்சாமி சவரக் கடையில் முகம் முழுக்க சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தபோது டில்லியிலிருந்து போன் வந்தது. மால்டா தூதரகத்திலிருந்து பேசுகிறோம் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்த குரல், எந்த மொழி வசதி என்று கேட்டது. தமிழ் என்றார். உடனே சென்னைத் தமிழ் பேசுகிற ஒரு பெண் லைனில் வந்தாள். சவரக் கடைக்காரர் டிவியை நிறுத்தினார். காத்திருந்தவர்கள் பத்திரிகையைத் தாழ்த்தினார்கள்.

"உங்க மனைவியை முதல்ல எங்க சந்திச்சீங்க சார்?"

"வெள்ளத்துக்கு நின்னப்ப மேடம்."

"வெள்ளத்திலயா? 2018 வெள்ளமா சார்? நீங்க மீட்புப் பணியில இருந்தீங்களா?"

கொச்சிக்காரர்களுக்கு வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர் என்பது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? ஆறுச்சாமி திணறினார். தண்ணி என்று சொல்லுங்கள் என்று சவரக் கடைக்காரர் காதில் ஓதினார். அதற்குப் பிறகு எல்லாம் ஓடிவந்துவிட்டது. லாரி, ஹோஸ், கடைசி வீடு, மகாராணி, எல்லாவற்றையும் சொன்னார். ஷைலஜாவின் அம்மா பெயர், அவள் எந்த ஷிப்டில் வேலை பார்க்கிறாள், எந்தக் காலில் வலி என்று கேட்டதற்கெல்லாம் யோசிக்காமல் பதில் சொன்னார். கடைசியில் அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி, தப்பாக நினைக்க வேண்டாம், எல்லோரிடமும் கேட்பதுதான் என்று சொல்லிவிட்டுக் கேட்டாள். "இந்த வயசுல கல்யாணம் பண்ணிக்கணும்னு எப்படித் தோணிச்சு சார்?"

ஆறுச்சாமி கன்னத்து நுரையைக் கையால் வழித்துவிட்டார்.

"முன்னே நேரம் கெடைக்கல மேடம். எனக்குத் தங்கச்சிங்க இருந்தாங்க. அவளுக்கு வேலை இருந்தது, அம்மா இருந்தாங்க. ரெண்டு பேருக்கும் ஒண்ணா நேரம் கெடச்சது இப்பத்தான்." நுரைக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "அவ டூட்டி முடிஞ்சு வந்து தனியா உக்காந்து சாப்பிடறா. நான் இங்கேர்ந்து போன்ல பாத்துட்டிருக்கேன். அது செரியில்ல மேடம்."

அந்தப் பெண், சரி சார், ரொம்ப நன்றி என்று சொல்லி வைத்துவிட்டாள். சவரக் கடைக்காரர் புது பிளேடு மாற்றி, மறுபடியும் நுரை போட்டு, கல்யாண மாப்பிள்ளைக்குச் செய்வது போல அவ்வளவு பதமாகச் செய்தார்.

பாஸ்போர்ட் கூரியரில் வந்தபோது ஆறுச்சாமி வீட்டில் இல்லை. காளியம்மை உறையைப் பிரித்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, பூ வேலை செய்த மாதிரி இருந்த விசாப் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குப் படிக்கத் தெரியாது. அண்ணனுடைய போட்டோ இருந்தது, அது போதும். செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடி, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் காட்டினாள். சந்து முனையில் அண்ணன் வருவதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது. ஆறுச்சாமி பாஸ்போர்ட்டை வாங்கி அங்கேயே நின்று பார்த்துவிட்டு, ஷைலஜாவுக்குப் போன் போட்டார். அவள் டூட்டியில் இருந்தாள், எடுக்கவில்லை. வந்துட்டேன் என்று மட்டும் மலையாள எழுத்தில் ஒரு வரி தட்டி அனுப்பினார். இன்னும் கிளம்பவே இல்லை, ஆனால் அப்படித்தான் எழுத வந்தது.

விமானத்தில் அவருக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. கடல் வருகிறபோதெல்லாம் பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். மால்டாவில் இறங்கி, இமிக்ரேஷன் கவுண்ட்டரில் இருந்த இளைஞன் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது, ஷைலஜா சொல்லிக் கொடுத்திருந்த வாக்கியம் மொத்தமும் மறந்துபோயிற்று. "வைஃப்" என்று சொல்லி, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் விரலை நீட்டினார். அங்கே யாரும் தெரியவில்லை. ஆனாலும் அந்த இளைஞன் புரிந்துகொண்டு, சிரித்தபடி முத்திரையைக் குத்தினான்.

வெளியே ஷைலஜா நின்றிருந்தாள். வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்றிக்கொள்ள நேரம் இல்லாமல் நர்ஸ் யூனிபார்மிலேயே வந்திருந்தாள். இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சுற்றிலும் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறுச்சாமி அவள் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டார். அவள் அவருடைய பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவள் அவர் தோளில் தலை சாய்த்து, வந்துட்டீங்க என்றாள். ஆமா, வந்துட்டேன் என்றார்.

இப்போது ஆறுச்சாமி அங்கேதான் இருக்கிறார். குடியிருப்பு அட்டை வந்துவிட்டது. மத்தியான நேரங்களில் ஷைலஜா வேலை பார்க்கிற முதியோர் இல்லத்துக்குப் போய், சக்கர நாற்காலியில் இருப்பவர்களைக் கடற்கரைச் சாலையில் தள்ளிக்கொண்டு போகிறார். மால்டா பாஷையில் எண்ணக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் மீன் வாங்கி வருவார்கள், சமைப்பது அவர் பொறுப்பு. முதல் தடவை மிளகாயும் குடம்புளியும் போட்டு மீன் வைத்த அன்று, கீழ் வீட்டு மால்டாக்காரப் பாட்டி இருமிக்கொண்டே மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்டினாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று ஷைலஜா பயந்துபோய்க் கதவைத் திறந்தாள். பாட்டியின் கையில் ஒரு காலித் தட்டு இருந்தது.